பெரியவர் இல்லாத வீடு: மாணவர்களுக்கு வாடகைக்கு விடும் முன் சரிபார்க்க வேண்டியவை

கலந்தாய்வு முடிந்து கல்லூரியில் இடம் உறுதியானதும் அடுத்த தேடல் தொடங்கிவிடும். கோவை பீளமேடு, சரவணம்பட்டி, வேலூர் காட்பாடி, சென்னையை அடுத்த பொத்தேரி, கூடுவாஞ்சேரி எனக் கல்லூரிகளை ஒட்டிய பகுதிகளில் ‘டு லெட்’ போர்டுகளைப் பார்த்தபடி நான்கைந்து பேராக மாணவர்கள் தெருத்தெருவாக நடப்பார்கள். ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாதவர்கள், இரண்டாம் ஆண்டில் வெளியே தங்க நினைப்பவர்கள், ஹாஸ்டலில் இடம் கிடைக்காதவர்கள் என ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருக்கும்.

அவர்களிடம் ஹவுஸ் ஓனர்கள் இரண்டு விதமாக நடந்துகொள்கிறார்கள். சிலர், ‘பேச்சுலர்களுக்கு வீடு இல்லை’ என்று முதல் வார்த்தையிலேயே அனுப்பிவிடுவார்கள். வேறு சிலர், ‘பசங்கதானே, எப்படியும் பாழாக்கப் போறாங்க’ என்று கணக்குப் போட்டு, குடும்பங்கள் வேண்டாம் என்று விட்டுப்போன பழைய வீட்டுக்கு ஒரு கோட் வெள்ளையடித்து, முழு வாடகைக்குக் கொடுத்துவிடுவார்கள்.

இந்தக் கணக்கு தவறு. குடும்பம் குடியிருக்கும் வீட்டில் அம்மாவோ பாட்டியோ யாராவது ஒருவர் எப்போதும் கவனித்துக்கொண்டே இருப்பார். கேஸ் வாசனை வந்தால் முதலில் அவர் மூக்குக்குத்தான் தெரியும். சுவிட்ச் போர்டு சுட்டால், டேங்க் நிரம்பி வழிந்தால், இரவில் கதவு தாழ்ப்பாள் போடாமல் கிடந்தால் அவர்தான் எழுந்து போய்ப் பார்ப்பார். மாணவர்கள் மட்டும் தங்கும் வீட்டில் அப்படி ஒருவர் கிடையாது. பதினெட்டு, பத்தொன்பது வயதில் முதன்முறையாக வீட்டை விட்டு வந்தவர்களுக்கு எந்தச் சத்தம் ஆபத்து, எந்த வாசனை ஆபத்து என்று தெரிந்திருக்க நியாயமில்லை. அந்தப் பெரியவர் பார்க்கும் வேலையில் முடிந்தவரை வீடே பார்த்துக்கொள்ளும்படி செய்துவைக்க வேண்டும். அதனால் குடும்பத்துக்கு விடும் வீட்டைவிட மாணவர்களுக்கு விடும் வீட்டைத்தான் கூடுதல் கவனத்தோடு தயார் செய்ய வேண்டும்.

முதல் செலவு மின்சாரத்துக்கு

கையில் இருக்கும் பணத்தில் பெயின்டா, வயரிங்கா என்று கேள்வி வந்தால் யோசிக்காமல் வயரிங்கைத் தேர்ந்தெடுங்கள். இருபது, இருபத்தைந்து வருடங்களுக்கு முன் கட்டிய வீடுகளில், ஓர் அறைக்கு ஒரு ஃபேன், ஒரு டியூப் லைட், செல்போன் அளவுக்கு ஒரு பிளக் பாயின்ட் என்றுதான் கணக்கிட்டிருப்பார்கள். இன்று அதே அறையில் இரண்டு பேர் தங்கினால் இரண்டு லேப்டாப், இரண்டு செல்போன், ஒரு இஸ்திரிப் பெட்டி, ஒரு கெட்டில் எல்லாம் வந்துவிடும்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். சாதாரண 6 ஆம்பியர் பிளக் பாயின்ட் 230 வோல்ட்டில் தாங்கக்கூடியது 1,380 வாட்ஸ். தண்ணீர் கொதிக்கவைக்கும் கெட்டில் 1,500 வாட்ஸ் வரை இழுக்கும். இண்டக்‌ஷன் அடுப்பு 1,800 முதல் 2,000 வாட்ஸ். இஸ்திரிப் பெட்டி 1,000 வாட்ஸ். கெட்டிலையும் இஸ்திரிப் பெட்டியையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகினால் 2,500 வாட்ஸ் ஆகிவிடும். பிளாஸ்டிக் உருகும் வாசனை அங்கிருந்துதான் தொடங்கும். பாயின்ட் போதாத வீட்டில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கட்டாயம் வரும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கும் போகும். ‘எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் பயன்படுத்தாதீர்கள்’ என்று சொல்வதைவிட, ஒவ்வொரு மேசைக்கு அருகிலும் இரண்டு பிளக் பாயின்ட் வைத்துக் கொடுப்பது நல்லது. சமையலறையில் குறைந்தது இரண்டு 16 ஆம்பியர் பாயின்ட், இஸ்திரி போட ஓர் இடத்தில் ஒன்று, ஏ.சி., கீசருக்குத் தனித்தனி லைன் இருக்கட்டும்.

அடுத்தது, மின்கசிவு வந்தால் தானாக இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. மெயின் போர்டில் எம்.சி.பி. இருக்கிறதே, அது போதாதா என்று பலர் கேட்பார்கள். எம்.சி.பி. அதிக லோடிலிருந்தும் ஷார்ட் சர்க்யூட்டிலிருந்தும் வயரைக் காப்பாற்றும். ஈரக் கையோடு ஹீட்டரைத் தொட்ட ஆளைக் காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி.தான். உயிர் காக்க 30 மில்லி ஆம்பியர் அளவு உள்ளதைப் பொருத்த வேண்டும். அதில் இருக்கும் ‘டெஸ்ட்’ பட்டனை மாதம் ஒரு முறை அழுத்தினால் டிரிப் ஆக வேண்டும். ஆகவில்லை என்றால் உடனே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும். எர்த் சரியாக இருக்கிறதா என்பதையும் வீடு கொடுக்கும் முன்பே அவரை வைத்துச் சோதித்துவிடுங்கள்.

பக்கெட்டில் போட்டுத் தண்ணீர் சுடவைக்கும் இம்மெர்ஷன் ராடு மாணவர் வீடுகளில் அதிகம் காணப்படும் பொருள். கீசர் இல்லாத வீட்டில் அதைத் தடுக்க முடியாது. ஒரு கீசர் வாங்கிப் பொருத்துவதுதான் அதற்குத் தீர்வு.

இப்போது புதிதாகச் சேர்ந்திருப்பது எலெக்ட்ரிக் ஸ்கூட்டர். சார்ஜ் போட இடம் இல்லாவிட்டால் மாடியிலிருந்து ஒயரைத் தொங்கவிடுவார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றிப் படுக்கையறைக்கே கொண்டுபோவார்கள். பார்க்கிங்கில் மழை படாத, படிக்கட்டை ஒட்டாத இடத்தில் ஒரு 16 ஆம்பியர் பாயின்ட் வைத்துவிடுங்கள். தீப்பிடித்தால் எல்லோரும் ஓடி வரும் வழி படிக்கட்டு. அங்கே சார்ஜ் போடுவதை அனுமதிக்கவே கூடாது.

தண்ணீரும் குளியலறையும்

நகரங்களில் ஒரு நபருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் என்பது குடிநீர்த் திட்டங்களில் கணக்கிடப்படும் அளவு. நான்கு பேருக்கு 540 லிட்டர். மாடியில் 500 லிட்டர் டேங்க் வைத்துவிட்டு நான்கு பேருக்கு வீடு விட்டால், காலை எட்டு மணிக்குச் சண்டை நிச்சயம். 1,000 லிட்டர் டேங்க் இருந்தால் ஒரு நாள் மோட்டார் போட மறந்தாலும் சமாளிக்கலாம். அந்த மறதிக்கும் மருந்து உண்டு. டேங்க் நிரம்பியதும் மோட்டாரைத் தானாக நிறுத்தும் கன்ட்ரோலர் பொருத்திவிட்டால், தண்ணீரும் வீணாகாது, மோட்டாரும் எரியாது, பக்கத்து வீட்டுக்காரரும் சண்டைக்கு வர மாட்டார்.

டேங்க், சம்ப் மூடிகள் இடைவெளி இல்லாமல் மூட வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். செமஸ்டர் விடுமுறையில் வீடு பூட்டிக் கிடக்கும் வாரங்களில் வாளியில், ஏர்கூலரில் தேங்கிய தண்ணீரே அதற்குப் போதும். ஜன்னல்களுக்குக் கொசுவலை அடித்துக் கொடுப்பது பெரிய செலவில்லை. காய்ச்சலில் படுத்த மாணவருக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்க அந்த வீட்டில் ஆள் இல்லை என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

குளியலறையில் வழுக்காத டைல்ஸ் இல்லையென்றால் ரப்பர் மேட்டாவது போட வேண்டும். எக்ஸாஸ்ட் ஃபேன் அவசியம். கேஸ் கீசர் இருந்தால் இன்னும் எச்சரிக்கை தேவை. காற்றோட்டம் இல்லாத குளியலறைக்குள் கேஸ் எரிந்தால் கார்பன் மோனாக்ஸைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. உள்ளே குளிப்பவர் மயங்கி விழுந்தபிறகுதான் தெரியும். கேஸ் கீசரைக் குளியலறைக்கு வெளியே, திறந்த இடத்தில் மாற்றிவிட வேண்டும். முடியாவிட்டால் கழற்றிவிட்டு மின்சார கீசர் பொருத்துங்கள்.

சமையலறை: ‘சமைக்கவா போறாங்க?’

மாணவர்கள் சமைக்க மாட்டார்கள் என்று நினைத்துச் சமையலறையைக் கவனிக்காமல் விடுபவர்கள் உண்டு. முதல் மாதம் ஹோட்டலில் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, இரண்டாவது மாதம் குக்கர் வாங்கிவிடுவார்கள். சோறு வைக்கத் தெரியாதவர்கள்கூட நள்ளிரவில் நூடுல்ஸ் செய்வார்கள்.

சிலிண்டர் நிமிர்ந்தே நிற்க வேண்டும், அடுப்பு அதைவிட உயரமான மேடையில் இருக்க வேண்டும். கேஸ் டியூப் எண்ணெய் நிறுவனங்கள் தரும் சுரக்‌ஷா வகையாக இருந்தாலும் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். தேதி டியூபிலேயே அச்சிடப்பட்டிருக்கும். உங்கள் பெயரில் இருக்கும் சிலிண்டர் இணைப்பை மாணவர்களிடம் கொடுப்பதற்குப் பதிலாக, அடையாள அட்டை காட்டி வாங்கக்கூடிய 5 கிலோ சிலிண்டரைப் பற்றிச் சொல்லுங்கள். இந்தியன் ஆயில் அதை ‘சோட்டு’ என்ற பெயரில் விற்கிறது. இடம் மாறிக்கொண்டே இருப்பவர்களுக்கு அதுதான் தோது.

சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேனும், வாசலுக்குப் போகும் வழியில் ஒரு சிறிய தீயணைப்பானும் இருக்கட்டும். உலர்ந்த பவுடர் நிரப்பிய ஏ.பி.சி. வகை மின்சாரத் தீயையும் அணைக்கும். அதை எப்படிப் பிடிப்பது என்று குடிவரும் நாளில் காட்டிவிடுங்கள்.

கதவு, ஜன்னல், மொட்டை மாடி

முன்பு குடியிருந்தவர்களிடம் எத்தனை சாவி இருந்தது என்பது யாருக்கும் தெரியாது. அதனால் ஒவ்வொரு முறை ஆள் மாறும்போதும் வாசல் கதவின் பூட்டை மாற்றுவது நல்ல பழக்கம். ஒவ்வொரு அறைக்கும் உள்தாழ்ப்பாள் வேலை செய்ய வேண்டும். லேப்டாப்பையும் சான்றிதழ்களையும் பூட்டி வைக்க ஆளுக்கொரு அலமாரித் தட்டும் பூட்டும் கொடுத்துவிட்டால், நண்பர்களுக்குள் வரும் பாதிச் சந்தேகம் வராது.

திருட்டுக்குப் பயந்து எல்லா ஜன்னல்களுக்கும் இரும்புக் கிராதி போட்டிருப்போம். வாசல் பக்கம் தீப்பிடித்தால் உள்ளே இருப்பவர் எந்த வழியாக வெளியேறுவார்? ஒரு ஜன்னலிலோ பால்கனியிலோ உள்ளிருந்து திறக்கக்கூடிய கிராதி ஒன்று வேண்டும். அதன் சாவி பக்கத்திலேயே ஆணியில் தொங்க வேண்டும்.

மொட்டை மாடியைப் பூட்டி வைத்தாலும் மாணவர்கள் போவார்கள். இரவு போன் பேசுவதும், தேர்வுக்குப் படிப்பதும், பிறந்தநாள் கேக் வெட்டுவதும் அங்கேதான். கைப்பிடிச் சுவர் இடுப்புக்குக் கீழே நின்றால் மேலே பைப் வைத்து உயர்த்துங்கள். மின்கம்பி கைக்கெட்டும் தூரத்தில் போனால் மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்துத் தள்ளிவைக்கக் கேட்க வேண்டும். துணி காயப்போட இரும்புக் கம்பியைத் தூக்கிய கை கம்பியில் பட்டால் அதற்குமேல் பேச ஒன்றுமில்லை.

மாணவிகளுக்கு வீடு விடுபவர்கள் ‘பாதுகாப்புக்கு’ என்று சொல்லிக் கேமரா வைப்பதுண்டு. தெரு வாசலிலும் பார்க்கிங்கிலும் வைக்கலாம். வீட்டுக்குள்ளும், அறைக் கதவைப் பார்த்தபடியும் கூடாது. ஒரு பெண் தனிமையில் இருப்பதை அவருக்குத் தெரியாமல் பார்ப்பதும் படம் எடுப்பதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-வது பிரிவின்படி குற்றம். படிக்கட்டிலும் வாசலிலும் நல்ல வெளிச்சம், வெளியே நிற்பது யாரென்று பார்க்கக் கதவில் ஒரு கண்ணாடித் துளை, உறுதியான சங்கிலி ஆகிய மூன்றும் கேமராவைவிட அதிகம் உதவும்.

காகிதத்தில் இருக்கட்டும்

‘நம்ம ஊர்ப் பசங்க, நாலு பேர் சொல்லி வந்தவங்க’ என்று வாய்ப்பேச்சில் சாவி கொடுக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. 2019 பிப்ரவரி 22 முதல் தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டப்படி (2017-ல் இயற்றப்பட்டது) எல்லா வாடகை ஒப்பந்தங்களும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யப்பட வேண்டும். அரசின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். 11 மாத ஒப்பந்தத்துக்கும் இது பொருந்தும்.

இதே சட்டம் வேறு சிலவற்றையும் சொல்கிறது. தனியாக வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான கழிவு போக மீதியைத் திருப்பித் தர வேண்டும். வாடகை பாக்கி என்றாலும் தண்ணீரையோ மின்சாரத்தையோ துண்டிக்கக் கூடாது. வீட்டுக்குள் வர வேண்டுமென்றால் 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். உங்களிடம் ஒரு சாவி இருப்பதால் நினைத்த நேரத்தில் உள்ளே போய்ப் பார்க்கலாம் என்று அர்த்தமில்லை.

மாணவர்கள் விஷயத்தில் மட்டும் வரும் சிக்கல்கள் சில உண்டு. முதலாம் ஆண்டு மாணவர்களில் பலருக்கு ஜூன், ஜூலையில் 18 வயது நிறைந்திருக்காது. இந்திய ஒப்பந்தச் சட்டப்படி அவர்கள் போடும் கையெழுத்து செல்லாது. பெற்றோரில் ஒருவர் கையெழுத்திட வேண்டும். நான்கு பேர் சேர்ந்து எடுக்கும் வீட்டில் ஒருவர் பாதியில் போய்விட்டால் அவர் பங்கு வாடகையை யார் தருவது, புதிதாக ஒருவரைச் சேர்க்க யாரிடம் அனுமதி கேட்பது, கோடை விடுமுறைக்கு முழு வாடகையா என்பதையெல்லாம் முதல் நாளே எழுதிவிட்டால் ஏப்ரலில் மனக்கசப்பு வராது. நான்கு பேரின் அடையாள அட்டை நகல், கல்லூரி அடையாள அட்டை நகல், பெற்றோர் போன் எண் ஆகியவற்றை வாங்கி வையுங்கள். உள்ளூர்க் காவல் நிலையம் வாடகைதாரர் விவரம் கேட்கும் ஊர்களில் அதையும் கொடுத்துவிட வேண்டும்.

வீட்டை மொத்தமாக விடாமல் கட்டிலுக்கு இவ்வளவு என்று மாணவிகளைத் தங்கவைத்துச் சாப்பாடும் போட்டால் அது விடுதி ஆகிவிடும். பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான விடுதிகளை ஒழுங்குபடுத்த 2014-ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. அதன்படி மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் பெறாமல் நடத்த முடியாது.

கரன்ட் பில் கணக்கு

ஓனருக்கும் மாணவர்களுக்கும் இடையே அதிகம் தகராறு வருவது கரன்ட் பில்லில்தான். யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரே விலை போட்டு வசூலிப்பது பல இடங்களில் நடக்கிறது. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்குக் குறிப்பிட்ட யூனிட் வரை இலவசம். பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணம் வேகமாக ஏறும். ஒன்றரை டன் ஏ.சி. மணிக்குச் சுமார் ஒரு யூனிட் எடுப்பதாக வைத்துக்கொண்டாலும், தினம் எட்டு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் அது மட்டுமே 480 யூனிட். இந்தக் கணக்கை முதல் நாளே சொல்லிவிட்டால் மாணவர்களே ஏ.சி.யை அளவாகப் போடுவார்கள். தனி மீட்டர் இருந்தால் பில்லை அப்படியே கொடுத்துவிடுங்கள். ஒரே மீட்டரில் இரண்டு வீடு என்றால் சப் மீட்டர் போட்டு, மொத்த பில்லையும் காட்டிப் பிரித்துக் கொள்ளுங்கள்.

குடிவரும் நாளில் ஒரு மணி நேரம்

சாவி கொடுக்கும் முன், மாணவர்களையும் வந்திருக்கும் பெற்றோரையும் கூட்டிக்கொண்டு வீட்டை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். ஒவ்வொரு அறையையும் செல்போனில் வீடியோ எடுத்து, இரு தரப்பும் வைத்துக்கொள்ளலாம். சுவரில் ஏற்கெனவே இருக்கும் விரிசல், கீறல் விழுந்த வாஷ்பேசின், கட்டிலின் உடைந்த கால் எல்லாம் அதில் வர வேண்டும். ஃபேன், லைட், குழாய், கட்டில், மெத்தை, சாவிகள் என எண்ணிக்கையோடு ஒரு பட்டியல் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். மீட்டர் ரீடிங்கையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வருடம் புழங்கிய சுவரில் அழுக்குப் படிவது இயல்பான தேய்மானம். அதற்கு அட்வான்ஸில் பணம் பிடிப்பது நியாயமில்லை. வாஷ்பேசினை உடைத்தால் பிடிப்பதில் தவறில்லை. எது எந்த வகை என்பதை அந்தப் பட்டியல் சொல்லிவிடும்.

பழுது பார்ப்பது யார் பொறுப்பு என்பதையும் அப்போதே பேசிவிடலாம். வாடகைச் சட்டத்தின் அட்டவணையிலேயே இது பிரித்துச் சொல்லப்பட்டிருக்கிறது. கட்டட வேலை, வெள்ளையடிப்பு, தண்ணீர்க் குழாய் மாற்றுதல், வயரிங் ஆகியவை உரிமையாளரின் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், பிளக், சாக்கடை அடைப்பு போன்றவை குடியிருப்பவரின் பொறுப்பு.

பிறகு மெயின் சுவிட்ச், கேஸ் ரெகுலேட்டர், தண்ணீர் வால்வு ஆகிய மூன்றையும் மாணவர்கள் கையாலேயே மூடித் திறக்கச் சொல்லுங்கள். எல்லாம் ‘தெரியும் அங்கிள்’ என்பார்கள். இருந்தாலும் செய்ய வையுங்கள். கேஸ் வாசனை வந்தால் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடி, ஜன்னல்களைத் திறந்து, வெளியே வந்துவிட வேண்டும். மின்சாரத் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஷாக் அடித்துக் கிடப்பவரைத் தொடும் முன் மெயினை அணைக்க வேண்டும். வீட்டில் பெரியவர் இருந்தால் வருடக்கணக்கில் சொல்லிச் சொல்லிப் பழக்கியிருக்கும் விஷயங்கள் இவை.

கடைசியாக, ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி வாசல் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். அவசர உதவி 112, தீயணைப்பு 101, ஆம்புலன்ஸ் 108, பெண்கள் உதவி 181, கேஸ் கசிவு 1906, மின்வாரியத்தின் மின்னகம் 94987 94987. அதற்குக் கீழே எலக்ட்ரீஷியன், பிளம்பர், பக்கத்து வீட்டுக்காரர், உங்கள் எண். வீட்டின் முழு முகவரியையும் எழுதிவிடுங்கள். வெளியூரிலிருந்து வந்து பத்து நாள்கூட ஆகாதவரிடம் ஆம்புலன்ஸ் டிரைவர் வழி கேட்டால், பதற்றத்தில் தெருப்பெயர் வாயில் வராது.

மகனை அல்லது மகளை விட்டுவிட்டு ஊர் திரும்பும் பெற்றோர் பெரும்பாலும் இந்தத் தாளைத்தான் போனில் படம் எடுத்துக்கொள்வார்கள். உங்கள் எண் அதில் இருக்கிறது. ஒரு ராத்திரி அவர்களிடமிருந்து அழைப்பு வந்தால் எடுத்துப் பேசுங்கள்.